உப்புப் பார்க்காத நண்டுக் கறி

சுவிஸில் இருக்கும் அக்கா, அதாவது என் பெரியம்மாவின் மகள், எங்கள் குடும்பத்து ஆகஸ்ட் சமையலை எழுத்தில் தரும்படி கேட்டிருக்கிறார். போன வருடம் அவரே நேரில் வந்து வீடியோ எடுத்தார். அதில் சண்டை தெளிவாக விழுந்திருக்கிறது. அளவுகள் விழவில்லை.

இருபத்திரண்டு வருடம் பத்திரிகையில் செய்தி திருத்தியவள் என்பதால் பொறுப்பு என்னிடம் வந்தது. எனக்குச் சமைக்கத் தெரியாது என்பது குடும்பத்தில் உறுதிப்படுத்தப்பட்ட தகவல். ஆகவே சமைக்கத் தெரிந்தவர்கள் சொல்ல நான் எழுத வேண்டும். நான்கு பேரிடம் கேட்டேன். ஐந்து விதமாகச் சொன்னார்கள். அம்மா மட்டும் இரண்டு தடவை பேசினார்.

சர்ச்சையில்லாத விபரங்களை முதலில் தந்துவிடுகிறேன். இடம், வாகரைக்குக் கொஞ்சம் தெற்கே ஒரு மணல் வளவு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வரைபடம் களப்பு என்றும் நாங்கள் ஆறு என்றும் சொல்லும் தண்ணீர். வளவு பெரியம்மாவின் சீதனம். அதிலிருந்த வீடு கடல் வந்தபோது போய்விட்டது. அத்திவாரம் நின்றது. அதிலிருந்து பெயர்த்த கற்கள்தான் இப்போது எங்கள் அடுப்புக் கற்கள். நல்ல கற்கள், வெடிப்பதில்லை. பெரியம்மா வீட்டாரும் நாங்களும் மாமா வீட்டாரும் இன்று கல்லடியில் அடுத்தடுத்த தெருக்களில் இருக்கிறோம். ஒருவர் வீட்டில் என்ன கறி என்பது மற்ற இரண்டு வீட்டுக்கும் பதினொரு மணிக்கு முன்பே தெரியும். இருந்தாலும் ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் ஒரு நாள் வான் பிடித்து, இரண்டு மணித்தியாலம் பயணம் செய்து, வெயிலில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிட்டால்தான் சொந்தம் என்று எல்லாரும் நம்புகிறோம்.

அந்த மாதம் கச்சான் காற்று வீசும். மேற்கிலிருந்து, வயலும் காடும் கடந்து, சூடாக. சோற்றில் மணல் விழும். சின்ன வயதில் நான் மணலையும் சமையலின் ஒரு சேர்மானம் என்றே நினைத்திருந்தேன். பின்னாளில் வேறு இடங்களில் மணல் இல்லாத சோறு சாப்பிட்டபோது ஏதோ குறைகிறது என்று தோன்றவில்லை. சிலர் அப்படித் தோன்றியதாக எழுதுகிறார்கள். எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

அன்று ஆண்கள் சமைப்பார்கள். வருடத்தின் மற்ற நாட்களில் அவர்கள் அடுப்படிக்குள் போவது தண்ணீர் குடிக்க மட்டும். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்கு. ஆண், ஒரு பெட்டியோடு மனைவி வீட்டுக்குப் போய்ச் சேருவார். அந்தப் பெட்டியை எங்கே வைப்பது என்று ஆயுள் முழுவதும் கேட்டுக்கொண்டிருப்பார். அப்படிப்பட்டவர்களுக்கு வருடத்தில் ஒரு நாள் அகப்பையைக் கொடுப்பது யார் கண்டுபிடித்த ஏற்பாடோ தெரியாது. நல்ல ஏற்பாடு. பெண்கள் பூவரசு மர நிழலில் பாய் போட்டு உட்கார்ந்து, கேட்காத ஆலோசனைகளை உரத்துச் சொல்லுவார்கள்.

அந்த நாளின் அதிகாரி மாமா. அம்மாவின் தம்பி. நீர்ப்பாசனத் துறையில் லிகிதராகக் கோப்பு எழுதி ஓய்வு பெற்றவர். அவருடைய வீட்டில் வீடு மாமியுடையது, கிணறு மாமியுடையது, பூனையும் மாமி கூப்பிட்டால்தான் வரும். எதைப் பற்றியும் அவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. ஆனால் கடவுள் அவருக்கு ஒரு மூக்கைக் கொடுத்திருந்தார். சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பவர்களை அவர் இரக்கத்தோடு பார்ப்பார். மூடிய சட்டிக்கு முன்னால் நின்று, வெந்தயம் கருகிவிட்டது என்று சொல்லுவார். இந்தத் திறமையை மாமி சமைத்த எல்லாவற்றிலும் அவர் பயன்படுத்திவந்தார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து ஒரு நேரச் சாப்பாட்டையும் குறை சொல்லாமல் எழுந்ததில்லை. புளி ஒரு சொட்டுக் கூடிவிட்டது என்பார். தேங்காய் நேற்றுத் துருவியது என்பார். மாமி பதில் சொல்வதில்லை. அடுத்த நாளும் தன் இஷ்டப்படியே சமைப்பார்.

இனி நண்டு. ஆற்று நண்டு, பெரியது, உயிரோடு. சின்ன வயதில் ஒருமுறை சோதனைச் சாவடியில் நண்டுச் சாக்கை அவிழ்த்துக் காட்டும்படி ஒரு சிப்பாய் சொன்னார். மாமா அவிழ்த்தார். பிறகு எல்லாரும் சேர்ந்து, துவக்கைத் தோளில் மாட்டிய சிப்பாயும் உட்பட, கால் மணித்தியாலம் நண்டு பிடித்தோம். நாட்டின் பாதுகாப்புக்கு எங்கள் குடும்பத்தின் பங்களிப்பு அது.

ஓட்டைக் கழற்றி, உள்ளே சாம்பல் நிறத்தில் இருப்பதை எடுத்தெறிந்து, உடலை இரண்டாக முறிக்க வேண்டும். பெரிய காலுக்குக் கத்தியின் பின்புறத்தால் ஒரே அடி. இரண்டாவது அடி அடித்தால் சதைக்குள் ஓட்டுத் துண்டு போகும். மாமா அந்தத் துண்டை அடையாளம் வைத்து அடித்தவரின் இலையிலேயே போடுவார். மண்சட்டியில் எண்ணெய், சின்ன வெங்காயம், உள்ளி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் வெந்தயம். வறுத்து இடித்த தூள். தேங்காயின் இரண்டாம் பால், பழப்புளிக் கரைசல், நண்டு. நண்டு சிவந்ததும் முதற்பால் விட்டு ஒரு கொதி. இறக்கும்போது ஒரு பிடி முருங்கையிலை. இதுவரை நான்கு பேரும் ஏறக்குறைய ஒத்துப்போகிறார்கள்.

உப்பு என்ற இடத்தில் எல்லாருடைய குறிப்பும் நின்றுவிடுகிறது. காரணம், பூவல். மணலில் கையால் தோண்டும் குழிக் கிணறு அது. முழங்கை ஆழத்தில் தண்ணீர் ஊறும். ஒரு வருடம் இளநீர்போல் இருக்கும், இன்னொரு வருடம் உப்புக் கரித்துச் சவராக இருக்கும். கடல் வந்து போனதற்குப் பிறகு தன் குணம் என்ன என்பதை அது இன்னும் முடிவு செய்யவில்லை. வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுபோனால் என்ன என்று கேட்கலாம். என் கணவரும் கேட்டார். அப்படிச் செய்தால் அது கல்லடி நண்டாகிவிடும் என்று அம்மா அவருக்கு விளங்கப்படுத்தினார். அவர் பிறகு கேட்கவில்லை.

ஆகவே உப்பைச் சட்டியில் பார்த்துத்தான் போட வேண்டும். மாமா அகப்பையைத் தூக்கியதும் நாங்கள் எல்லாரும் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு ஓடுவோம். ஆளுக்கு ஒரு சொட்டு. காணாது என்பவர், கூடிப்போச்சு என்பவர், இன்னொரு சொட்டுத் தந்தால் சொல்லலாம் என்பவர். மாமா எல்லாரையும் பொறுமையாகக் கேட்பார். பிறகு தன் கையில் ஒரு சொட்டு விட்டு நக்கி, கண்ணை மூடி, யார் சொன்னதையும் சட்டை செய்யாமல் உப்புப் போடுவார். அவர் போட்டது எப்போதும் சரியாக இருந்தது. இதை நான் ஒரு சாட்சியாகச் சொல்கிறேன்.

நாலு வருடத்துக்கு முன் மாமாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஊரே காய்ச்சலில் கிடந்த நேரம். சுகமாகி எழும்பினார், மெலிந்திருந்தார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு அடுத்த ஆகஸ்டில், நண்டு சிவந்து முதற்பாலும் விட்டாயிற்று, பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள், அப்போதுதான் மாமா சட்டியை மூடினார்.

"இனி ஒருத்தரும் உப்புப் பாக்கப்படா. முதல்ல சாமிக்கு மடை. பிறகுதான் நமக்கு" என்றார்.

சாமி என்று அவர் சொன்னது பூவரசின் அடியில் இருந்த கல்லை. பக்கத்தில் ஒரு சூலமும் உண்டு. அது வைரவர் என்று எல்லாருக்கும் தெரியும். சின்ன வயதில் குளித்துவிட்டு ஈரத் துவாய்களை அந்தச் சூலத்தில்தான் தொங்கவிடுவோம். வைரவர் ஆட்சேபித்ததில்லை. பழைய ஆட்கள் அவருக்கு மீன், கோழி, சாராயம் என்று மடை, அதாவது படையல், வைத்ததாக அம்மா சொல்லுவார். எங்கள் காலத்தில் அவருக்குக் கிடைத்தது துவாய்தான்.

மாமாவின் அறிவிப்பு எல்லாரையும் உலுக்கிவிட்டது. முக்கியமாகப் பெரியப்பாவை. பெரியப்பா கோயில் நிர்வாக சபையொன்றில் நீண்டகாலச் செயலாளர். எழுந்து நிற்கச் சந்தர்ப்பம் கிடைக்கும் எந்த இடத்திலும் எழுந்து நிற்பவர். வளவு அவர் மனைவியின் சீதனம் என்பதால் வைரவரும் அதில் அடக்கம் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. துவாய்கள் அகற்றப்பட்டன. தாமரை இலையில் சோறும் நண்டும் வைத்து, கற்பூரம் கொளுத்தி, எல்லாரும் கும்பிட்டோம். பிறகு சாப்பிட உட்கார்ந்தோம்.

கறி கடல் தண்ணீர் போல் இருந்தது. முதல் கவளத்தை விழுங்கிய ஒவ்வொருவர் முகத்தையும் நான் வரிசையாகப் பார்த்தேன். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. மடை வைத்த சாப்பாட்டைக் குறை சொல்வது எப்படி? மாமா மட்டும் நிதானமாகச் சாப்பிட்டு, விரலையும் சூப்பினார். கடைசியில் பெரியப்பா ஒரு விளக்கம் கண்டுபிடித்தார்.

"காரணமில்லாம உப்புக் கூடிப்போகாது. நாம இவ்வளவு காலமும் ஏதோ குறை வைச்சிரிக்கம்."

அடுத்த வருடம் கறியில் உப்பே இல்லை. குறை தீர்ந்துவிட்டது என்று பெரியப்பா சொன்னார்.

மாமாவின் மதிப்பு உயர்ந்தது. எங்கள் தெருவில் அவரைக் கண்டால் இப்போது சிலர் சைக்கிளை விட்டு இறங்கினார்கள். மாமியும் இதில் பங்கெடுத்துக்கொண்டார். காய்ச்சலுக்குப் பிறகு மனிசன் திருந்திவிட்டார், பக்தி வந்த பிறகு சாப்பாட்டில் ஒரு குறை சொல்வதில்லை, எதை வைத்தாலும் நல்லாயிரிக்கு என்று சொல்லித்தான் எழும்புகிறார் என்று அம்மாவிடம் வந்து சொன்னார். அதைச் சொல்லும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முப்பத்தைந்து வருடப் போட்டியில் கடைசியாக வென்ற ஆளின் முகம் அது.

நான் உண்மையைக் கண்டுபிடித்தது புலனாய்வினால் அல்ல. ஒரு நாள் காலை மாமியிடம் ஒரு பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மாமி அடுத்த வீட்டுக்குப் போயிருந்தார். படலையிலேயே மூக்கைப் பொத்த வேண்டியிருந்தது. குசினி அடுப்பில் கருவாடு கரியாகிக்கொண்டிருந்தது, அதன் நாற்றம் விறாந்தையை நிறைத்திருந்தது. குசினி வாசலுக்குப் பக்கத்திலேயே மாமா கதிரை போட்டு, முதுகை அதற்குக் காட்டிக்கொண்டு, மரண அறிவித்தல்கள் வாசித்துக்கொண்டிருந்தார்.

"கருவாடு எரியுது மாமா" என்றேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பத்திரிகையை மடித்தார். "எங்க?" என்று கேட்டார்.

நான் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். பிறகு அவராகவே சொன்னார். காய்ச்சலோடு மணம் போனது. பலருக்குப் போனதுதான், திரும்பி வந்தது. அவருக்கு உப்பும் புளியும் உறைப்பும் சேர்ந்து போனது. வரவில்லை. டொக்டர் பொறுத்திருக்கச் சொன்னார். எவ்வளவு காலம் என்று கேட்டதற்கு அதே பதிலைத்தான் திரும்பச் சொன்னார். மாமிக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

"சொன்னா என்ன மாமா?"

"சொன்னா சட்டிய வாங்கிருவாங்க மகள். மூக்கில்லாதவனிட்ட ஆர் சட்டியக் குடுப்பாங்க? எனக்கு வேற என்ன கிடக்கு?"

அவருக்கு வேறு என்ன இருக்கிறது என்று நான் யோசித்துப் பார்த்தேன். அந்தப் பட்டியல் உண்மையிலேயே சின்னதாக இருந்தது.

"இத நீ பேப்பரில போட்டிராத" என்றார்.

"நான் பேப்பர விட்டு ஆறு வருஷம் மாமா."

"அப்ப வாயிலயும் போடாத."

இருவரும் ஒரு திட்டம் போட்டோம். கறியை ருசி பார்ப்பதற்குத்தானே அவர் தடை போட்டிருக்கிறார், தண்ணீருக்கு இல்லை. வருகிற ஆகஸ்டில் பூவல் தண்ணீரை நான் குடித்துப் பார்ப்பேன். சவர் இல்லாவிட்டால் "தண்ணி நல்லம்" என்று சத்தமாகச் சொல்லுவேன், மாமா வழமைபோல் உப்புப் போடுவார். சவர் என்றால் "பரவாயில்ல" என்பேன், பாதி போடுவார். மூன்றாவது நிலைக்கு ஒரு சொல் தேடினோம், கிடைக்கவில்லை. செய்தி ஆசிரியராக இருந்த காலத்தில் இதைவிட மோசமான திட்டங்களை நான் பத்திரிகையில் பாராட்டி வெளியிட்டிருக்கிறேன்.

அதுதான் போன வருடம். சுவிஸ் அக்கா வந்த வருடம். அவர் ஒரு சின்னத் தராசும், அளவுக் கரண்டிகளும், மூன்று கால் வைத்த கெமராவும் கொண்டுவந்திருந்தார். பிள்ளைகள் அங்கே நண்டைக் கடையில் உறைநிலையில் கண்டிருக்கிறார்களாம், அதைக் குறிப்புப்படி சமைத்துக் காட்ட வேண்டுமாம். வானை விட்டு இறங்கியதும் மாமாவைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தின கிராம் உப்பு மாமா?"

"அதத் தண்ணியிட்டக் கேளு" என்றார் மாமா.

நான் பூவலில் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தேன். தொண்டையில் கரித்தது. பரவாயில்லை என்று கத்தினேன். மாமா தலையசைத்தார். சாக்கு நிறைய நண்டு வாங்கியாயிற்று, ஒன்றிரண்டு சாக்கின் வாயால் காலை நீட்டிக்கொண்டிருந்தன. தேங்காய் துருவியாயிற்று. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் பெரியப்பாவின் ஓட்டோ வந்தது.

அதிலிருந்து இறங்கியவை: இரண்டு பூசணிக்காய், ஒரு கட்டுக் கீரை, கத்தரிக்காய், மஞ்சள் பட்டு ஒன்று, பெயர்ப்பலகை ஒன்று. கடைசியாகப் பெரியப்பா. பட்டு, வைரவருக்கு. பலகையில் ஆலயச் சூழலில் மச்சம் தடை என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. மச்சம் என்றால் எங்கள் ஊரில் மீன், இறைச்சி, நண்டு எல்லாம் சேர்ந்தது. இரண்டு வருடமாக யோசித்ததாகவும், மாமாவைப் போன்ற ஒருவர் வாயைக் கட்டி, ருசி பாராமல் மடை வைக்கும் இடத்தில் நண்டு அவிப்பது பாவம் என்று உணர்ந்ததாகவும் பெரியப்பா அறிவித்தார். அடுத்த வருடம் கூரை போடுவதாம். இந்த வருடத்திலிருந்து மரக்கறி.

சொந்தம் முழுவதும் சாக்கைப் பார்த்தது. இரண்டு மணித்தியாலம் வானில் வந்தது பூசணிக்காய்க்கா என்ற கேள்வி எல்லார் முகத்திலும் இருந்தது. ஆனால் பெரியப்பாவின் கையில் பட்டு இருந்தது. பட்டு வைத்திருப்பவரோடு வாதாடுவது கஷ்டம். அம்மாதான் மெதுவாக, வைரவர் முந்தி மீன் தின்ற சாமிதானே என்று கேட்டார். முந்தி அறியாமை என்று பெரியப்பா பதில் சொன்னார். பிறகு மாமாவிடம் திரும்பினார்.

"நீங்கதானே மச்சான் துவக்கி வைச்ச. உங்களப் பாத்துத்தான் எனக்கே புத்தி வந்த. நீங்களே சொல்லுங்க இவங்களுக்கு."

மாமா அகப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முன்னால் இருந்த வழிகள் இரண்டே. ஓம் என்று சொன்னால் மரியாதை மிஞ்சும், நண்டு போய்விடும். நண்டு போனால் அவருடைய நாளும் போய்விடும், பூசணிக்காய் வைக்க எங்கள் குடும்பத்தில் யார் என்றாலும் போதும். உண்மையைச் சொன்னால் நண்டு மிஞ்சலாம், அதைச் சமைக்க அவர் இருக்க மாட்டார். நான் ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அன்றைக்கு எனக்கு ஒதுக்கப்பட்ட சொல் "பரவாயில்ல" மட்டும்தான் என்று ஞாபகம் வந்தது.

"அத்தான்" என்றார் மாமா. "எனக்கு வாயில ருசி இல்ல. மூக்கில மணமும் இல்ல. காய்ச்சல் வந்த நாளிலிருந்து. உப்புப் பாக்க ஏலாமத்தான் சாமியச் சாட்டின. சாமிக்கும் எனக்கும் ஒரு கதையும் இல்ல."

காற்றில் சாம்பல் பறந்தது. கெமரா ஓடிக்கொண்டிருந்தது. பெரியப்பா அசையவில்லை. முகத்தில் சின்னச் சந்தேகம்கூட வரவில்லை. அவர் நாற்பது வருடம் பொதுக்கூட்டங்களில் பழகியவர்.

"ருசியை எடுத்த ஆர்?" என்று கேட்டார். "அதச் சொல்லுங்க. அவர்தானே எடுத்திரிக்கார்."

உண்மை ஒரு மனிதனை மாற்றும் என்று சொல்லித்தான் எங்களுக்குப் பத்திரிகையில் சம்பளம் தந்தார்கள். அந்தக் காலத்தில் பெரியப்பாவை யாரும் எனக்குக் காட்டவில்லை.

ஆனால் பேச வேண்டியவர் அவர் அல்ல. பாயிலிருந்து மாமி எழும்பினார். எழும்புவதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் எடுக்கும், முழங்கால் நோ. அந்த நேரம் முழுவதும் மாமா அவரைப் பார்க்காமல் நண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப மூண்டு வருஷமா நான் வைச்ச கறியெல்லாம்?" என்று மாமி கேட்டார். "நல்லாயிரிக்கு, நல்லாயிரிக்கு எண்டு சொன்னயளே?"

மாமா சாக்கிலிருந்து நழுவிய ஒரு நண்டை உள்ளே தள்ளினார்.

"ஒரு நாள் நான் வேணுமெண்டே பாவக்காய உப்பில்லாம வைச்சன். அதுக்கும் நல்லாயிரிக்கு எண்டயள். என்ர மனிசன் எனக்காகச் சொல்றார் எண்டு நினைச்சன்."

"குறை சொல்லத் தெரியல்ல" என்றார் மாமா. குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "வாயில ஒண்டும் படல்ல. அப்ப என்னெண்டு குறை சொல்ற?"

எங்களில் யாருக்கும் அவர்கள் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை. அக்கா மட்டும் கெமராவின் சின்னத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். ருசி போனதை மாமி பொறுத்துவிடுவார் என்பது எனக்குத் தெரியும். சாமியைச் சாட்டியதையும் பொறுப்பார். வென்றுவிட்டதாக நினைத்த போட்டியில் எதிராளி விளையாடவே இல்லை என்று தெரிந்ததைத்தான் பொறுப்பது கஷ்டம். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் சொருகினார். வீட்டுக்குப் போகப்போகிறார் என்று நினைத்தேன். வான்காரரும் அப்படி நினைத்திருக்க வேண்டும், சிகரெட்டை அணைத்தார்.

மாமி அடுப்படிக்குப் போய், கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளியின் மேல் உட்கார்ந்தார்.

"சட்டிய வைங்க" என்றார். "நண்டு சாகப்போகுது."

மாமா சட்டியை வைத்தார். பெரியப்பா பலகையைத் தூக்கிக் காட்ட முயன்றார். மாமி அதை வாங்கி, காற்று வரும் பக்கம் அடுப்புக்கு மறைப்பாக நிறுத்தினார். அதன்பிறகு அந்த இடத்தில் நடந்ததெல்லாம் மாமியின் உத்தரவுப்படி. அகப்பை மாமாவின் கையில்தான் இருந்தது. எப்போது கிண்டுவது, எவ்வளவு கிண்டுவது என்பது வாளியிலிருந்து வந்தது. நெருப்புக் கூட என்றார், மாமா விறகை இழுத்தார். வெங்காயம் பச்சை என்றார், மாமா காத்திருந்தார். புளியை விட்டதும் மாமி கையை நீட்டினார், ஒரு சொட்டு நக்கினார், இன்னும் புளி என்றார். மாமா தயங்கினார். முப்பத்தைந்து வருடம் அவர் கூட என்று சொல்லிவந்தது இந்தப் புளியைத்தான். பிறகு விட்டார். உப்பும் அப்படியே, மாமியின் நாக்குச் சொன்னபடி மூன்று தடவை. அக்கா தராசைத் தூக்கிக்கொண்டு சுற்றிவந்து, நிறுக்கும்வரை பொறுக்கச் சொன்னார். இருவரும் அவரைக் கவனிக்கவில்லை.

பூசணிக்காயும் வீணாகவில்லை, பெரியம்மா பால் விட்டு வைத்தார். வைரவருக்குப் பட்டுச் சாத்தி, பூசணிக்காயையும் நண்டையும் சேர்த்தே மடை வைத்தார்கள். ஒரு இலையில் இரண்டு மதம். பெரியப்பா முதலில் பூசணிக்காயோடு நிறுத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில், மடையில் வைத்ததை மறுப்பது அதைவிடப் பெரிய பாவம் என்ற முடிவுக்கு வந்தார். நான்கு நண்டளவுக்கு மறுக்காமல் இருந்தார்.

கறி நன்றாக இருந்தது. பழைய கறி அல்ல. புளி ஒரு சொட்டுக் கூடத்தான். நான் அதைச் சொல்லவில்லை. அம்மா சொல்லப் பார்த்தார், நான் காலைத் தட்டினேன். மாமா நண்டின் காலை உடைத்து, சதையை முழுதாக இழுத்து, வாயில் வைத்து, நெடுநேரம் சப்பினார். சாப்பிட்டு முடித்ததும் பழக்கத்தில் வாயைத் திறந்தார்.

"நீங்க ஒண்டும் சொல்லத் தேவையில்ல" என்றார் மாமி.

திரும்பும் வழியில் வானில் இருவரும் ஒரே இருக்கையில் இருந்தார்கள். கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட வரும்போது மாமி தூங்கிவிட்டார். மாமா விழித்திருந்தார். கெட்டித்தனமாகப் போட்ட திட்டத்துக்காக நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன், அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டேன்.

இந்த வருடம் நாள் குறித்துச் சொல்லத் தொலைபேசி எடுத்தவர் மாமி. இதுவரை மாமாதான் எடுப்பார். வான் எத்தனை மணிக்கு, யார் தேங்காய், யார் இலை என்று மாமி வரிசையாகச் சொன்னார். பூவல் தோண்டுவதற்கு என் கணவரை நியமித்திருப்பதாகவும் அறிவித்தார். நண்டு உண்டா என்று கேட்டேன். இதென்ன கேள்வி என்றார். பெரியப்பா இம்முறை வைரவருக்கு ஒரு தனிச் சட்டி கேட்டிருக்கிறாராம், அதிலும் நண்டுதானாம். பின்னால் ஏதோ இடிக்கும் சத்தம் கேட்டது.

மாமாவிடம் கொடுங்கள் என்றேன். சத்தம் நின்றது. மூச்சு வாங்க அவர் வந்தார்.

"என்ன மாமா, வேலையா?"

"ஒவ்வொரு ஞாயிறும் நான்தான் மகள். பழகச் சொல்லிப்போட்டா. கதிரையப் போட்டுக்கொண்டு இருக்கா, நான் காச்சிறன், அவ ருசி பாக்கா. போன கிழம கூனி இறால் வைச்சன், குறை சொல்லிப்போட்டா. இந்தக் கிழம கீரை, அதுக்கும் குறை." குரலைத் தாழ்த்தினார். "வெங்காயமும் நானேதான் உரிக்கணுமாம்."

உரிக்கும்போது கண் எரிகிறதா என்று கேட்டேன்.

"அது நல்லா எரியுது" என்றார்.